பெரியநாயகி கப்பலும் அத்தையின் கல்யாணப் பத்திரிகையும்

நான் எழுதியதில் இதுவரை அச்சேறியது ஒரே ஒரு சொல். ஐநூறு பிரதி. அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்காக என் முதுகில் விழுந்திருக்க வேண்டிய அடி ஏன் விழவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பிடித்தது. இத்தனைக்கும் என்னை மந்தம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பிழைதிருத்தப் போட்டி வைத்தார்கள். எனக்குத்தான் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் திருத்துகிற வியாதி எனக்கு வந்துவிட்டது. மளிகைக்கடைச் சீட்டைத் திருத்தினேன், பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்தைத் திருத்தினேன். கடைசியில் எங்கள் குடும்பத்தையே திருத்தப் போனேன்.

அப்போது நாங்கள் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருந்தோம். அப்பாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, தாத்தா, நான். பாட்டி அத்தையின் சின்ன வயதிலேயே போய்விட்டாராம். தாத்தா கடலூரில் தாலுகா ஆபீசில் நகல் எழுத்தராக இருந்து, ஓய்வு பெற்றதும் மகளைக் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டவர். அவர் கையெழுத்தைப் பார்த்தால் யாரும் கையெழுத்து என்று சொல்லமாட்டார்கள், அச்சு என்றுதான் சொல்வார்கள். அத்தைக்கு இருபத்தொன்பது வயது. வருகிற ஜாதகமெல்லாம் தட்டிப்போய்க்கொண்டே இருந்து, ஒருவழியாக ஆவடி சேக்காட்டில் ஒரு இடம் அமைந்தது. தை மாதம் கல்யாணம். எனக்குத் தலை பின்னிவிடுவதும் கணக்குச் சொல்லித்தருவதும் அம்மாவின் கோபத்திலிருந்து என்னை மறைத்துவைப்பதும் அத்தைதான். அந்தக் கல்யாணம் எந்தக் குறையும் இல்லாமல் நடக்க வேண்டும் என்று வீட்டிலேயே அதிகம் கவலைப்பட்டவள் நான்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா பேப்பர் படிப்பது தனி விதம். எல்லோரும் முதல் பக்கத்தில் ஆரம்பிப்பார்கள். அவர் நேரே உள்பக்கத்துக்குப் போய், மூலையில் பொடி எழுத்தில் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று போட்டிருக்கும் பத்தியைத்தான் முதலில் பார்ப்பார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் பிரதமர் என்ன சொன்னார் என்பதெல்லாம். அவர் தேடியது பெரியநாயகி என்ற பாய்மரக்கப்பலை. அது கடலூரை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு ஆறு வயது. நான் சொல்லும் இந்தச் சமயத்தில் அவருக்கு அறுபது.

அந்தக் கப்பலின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். இரண்டு பாய்மரம். உப்பனாற்றங்கரையில் வைத்துக் கட்டியது. ஊரில் ஒரு வியாபாரிக்குச் சொந்தம். ஓட்டியவர் தாத்தாவின் அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா. பாய்மரக்கப்பலின் தலைவரைக் கடலூரில் தண்டல் என்பார்கள். கள்ளிக்குப்பத்தில் தண்டல் என்றால் தினவட்டிக்காரர் என்று பொருள் ஆகிவிடுவதால், அக்கம்பக்கத்தில் மட்டும் தாத்தா அவரைக் கேப்டன் என்று சொல்லிவைத்திருந்தார். வெங்காயம், மிளகாய் வற்றல், கூரை ஓடு, புண்ணாக்கு என்று ஏற்றிக்கொண்டு பெரியநாயகி யாழ்ப்பாணத்துப் பக்கம் போகும். வரும்போது தேங்காயும் பனஞ்சட்டமும் ஏற்றிக்கொண்டு வரும். இன்ஜின் கிடையாது. காற்று கைகொடுத்தால் மூன்று நாள், கைவிட்டால் பத்து நாள். கிளம்பும்போது முகப்பில் தேங்காய் உடைத்து மாலை போடுவார்களாம். திரும்பி வருகிற அன்று ஆற்றுமுகத்தில் பாய் தெரிந்ததும் தெருப்பிள்ளைகள் எல்லாம் ஓடுமாம். தாத்தாதான் எல்லோருக்கும் முன்னால் ஓடுவாராம். இதை மட்டும் அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்.

பிறகு யுத்தம் வந்தது. நீராவிக் கப்பல்களை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பர்மா அரிசி நின்றுபோனது. சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று ஊரே கதிகலங்கிப் போயிருந்த அந்த மாசி மாதத்தில், அக்கரையில் சாமான் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று பெரியநாயகி சரக்கு ஏற்றியது. பயமில்லையா என்று கேட்டவர்களுக்குக் கொள்ளுத்தாத்தா சிரித்தாராம். பாய்மரக்கப்பலை எவன் சீண்டுவான், அதில் பீரங்கியா இருக்கிறது, வெங்காயம்தானே இருக்கிறது என்றாராம். தண்டலோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். கிளம்பிப் போனார்கள். அவ்வளவுதான்.

ஒரு நாள் முன்னால் போயிருந்த இன்னொரு கப்பல் மட்டும் திரும்பி வந்தது. விடியற்காலையில் பின்னால் தூரத்தில் இடி மாதிரி இரண்டு சத்தம் கேட்டது, வானத்தில் மேகமே இல்லை என்று அந்தக் கப்பல்காரர்கள் சொன்னார்கள். பெரியநாயகியைப் பற்றி இந்த உலகத்துக்குத் தெரிந்தது அந்த இரண்டு சத்தம்தான். ஜப்பான்காரனின் நீர்மூழ்கி என்றார்கள் சிலர். புயல் என்றார்கள் சிலர். மனசாட்சி இல்லாத சிலர், தண்டல் அக்கரையில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான் என்றும் சொன்னார்கள்.

தாத்தாவின் அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் துறைமுக ஆபீசுக்கு நடந்தார். அங்கே ஒரு குமாஸ்தா. நல்ல மனிதர். அழுகிற பெண்ணுக்கு எதையாவது சொல்லி அனுப்ப வேண்டுமே என்று, "ஏதாவது ஆயிருந்தா பேப்பர்ல போட்டுருப்பாங்கம்மா. அச்சுல வராத வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னு வச்சுக்குங்க" என்று சொன்னார். யுத்த காலத்தில் கப்பல் மூழ்கிய செய்தியை எல்லாம் இஷ்டத்துக்கு அச்சில் போடவிடமாட்டார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆறுதலுக்குச் சொன்ன அந்த வார்த்தையை அவர் சட்டமாக எடுத்துக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, தெருக்கோடியில் இருந்த வாசகசாலையில் உட்காரவைத்து, தினமும் பெரியநாயகி என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். என் தாத்தா எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் அதுதான். அந்த அம்மா கடைசிவரை குங்குமத்தை அழிக்கவில்லை. தாலியோடும் பூவோடும்தான் போனார்.

அதற்குப் பிறகு தாத்தா அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா செத்துப்போனார் என்று யாரும் சொல்லக்கூடாது. இன்னும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அமாவாசைக்குத் தாத்தா தன் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார், அப்பாவுக்கு விடமாட்டார். என் அப்பா அம்மா கல்யாணத்தில் இதனால் ஒரு கூத்தே நடந்ததாம். பத்திரிகையில் கொள்ளுத்தாத்தாவின் பெயரை உயிரோடு இருப்பவர் பெயரைப் போலவே போட்டிருந்தார்கள். அம்மாவின் பெரியப்பா மரியாதை தெரிந்தவர். குடும்பத்தில் மூத்தவரை விட்டுவிடக் கூடாது என்று, வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி எல்லாம் வைத்த தட்டோடு மண்டபம் முழுக்கக் கொள்ளுத்தாத்தாவைத் தேடியிருக்கிறார். சமையற்கட்டில் கூடப் போய்ப் பார்த்தாராம். கடைசியில் தாத்தாவிடம் கேட்க, தாத்தா முகம் மாறாமல், "வெளியூர் போயிருக்காரு" என்றாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தாத்தா காதில் விழாமல் சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேக்காட்டுக்காரர்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு தேடினால் அத்தையின் மானம் என்ன ஆவது என்று எனக்குக் கவலை. கணக்குப் போட்டும் பார்த்தேன். கொள்ளுத்தாத்தாவுக்கு எண்பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும். ஐம்பத்து நாலு வருடமாக வெங்காயத்தோடு கடலில் ஒருவர் என்ன செய்துகொண்டிருப்பார்?

அந்தக் காலத்தில் கல்யாணப் பத்திரிகைகளை நாங்கள் தூக்கிப்போடமாட்டோம். மேலே இருக்கும் பிள்ளையார் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிச் சேர்ப்போம். என்னிடம் நூற்றுப் பதினேழு பிள்ளையார் இருந்தார்கள். அத்தனை பத்திரிகையைப் படித்தவளுக்குப் பத்திரிகை எழுதும் முறை தெரியாதா? செத்துப்போனவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போட வேண்டும். எல்லா வீட்டிலும் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் விட்டுவிட்டார்கள். விட்டது பிழை. பிழை என்றால் திருத்த வேண்டும். டிபன் பாக்ஸ் வாங்கியவள் திருத்தாமல் வேறு யார் திருத்துவார்கள்?

மார்கழி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வந்தது. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலையெல்லாம் உட்கார்ந்து பார்த்தார். ஓர் இடத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது, அதைச் சிவப்பு மையில் வைத்தார். "கொண்டுபோய்க் குடுத்துட்டு வா கண்ணு. கசங்காமப் புடி" என்று என்னிடம் கொடுத்தார். அச்சகம் இரண்டு தெரு தள்ளி. என் ஜாமெட்ரி பெட்டியில் ஒரு சிவப்பு ரீஃபில் இருந்தது. தெருமுனையில் நின்றிருந்த தண்ணி லாரியின் பின்பக்கம் தாளை வைத்து, கடலூர் முதுநகர் என்பதற்குப் பக்கத்தில், கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால், தெய்வத்திரு என்று எழுதினேன். லாரிக்காரர் இன்ஜினைப் போட்டுவிட்டார், அதனால் எழுத்து கொஞ்சம் ஆடிவிட்டது.

அச்சகக்காரர் கை முழுக்க மையோடு ப்ரூஃபை வாங்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, நைனா பாத்துட்டாரா?"

"பாத்துட்டாரு."

"இது ஆரு எழுதுனது? கோயி கிண்டுனாப்பல கீது. அவுரு எழுத்து அச்சுக்கு மேல இருக்குமே."

"தாத்தாவுக்குக் கை நடுங்குது" என்றேன். யோசிக்காமலேயே வந்துவிட்டது. பொய் சொல்லும்போது மட்டும் எனக்குப் பிழையே வராது.

"வயசாச்சுல்ல" என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுத்துகளை எடுத்துக் கோக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா டிவிஎஸ் ஃபிப்டியில் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து இறக்கினார். பொங்கல் கழித்துத்தான் ஊருக்குக் கொடுப்பது, ஆனால் முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்துவிட வேண்டும் என்று அம்மா மஞ்சள் குழைத்துவைத்திருந்தாள். அத்தை தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். கல்யாணப் பெண்ணே படிக்கட்டும் என்று தாத்தா சொன்னார். அத்தை வெட்கப்பட்டுக்கொண்டே சத்தமாகப் படித்தாள். கொள்ளுத்தாத்தா பெயர் வந்த இடத்தில் அவள் குரல் நின்றுபோனது. தாளைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள். அப்பா அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். அம்மாவின் மஞ்சள் விரல் அந்தரத்தில் நின்றது.

"எவன் இதைப் போட்டது?" என்று கத்திக்கொண்டே அப்பா செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியை உதைத்தார். போட்ட ஆள் அச்சகத்தில் இல்லை, இங்கே அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நிற்கிறாள் என்று எனக்குத்தானே தெரியும்.

கால்மணி நேரத்தில் அப்பா திரும்பி வந்தார். பின்னால் சைக்கிளில் அச்சகக்காரர், கையில் அந்த ப்ரூஃப். முற்றத்தில் நின்றுகொண்டு அவர் தாத்தாவிடம் முறையிட்டார்.

"என்னிய இன்னா வோணா கேளு நைனா, ஆனா தொயில்ல தப்பு பண்ணேன்னு சொல்லாத. பாப்பா கொண்டாந்த ப்ரூஃபு இது. சேப்பு மைல எயுதி கீது, நான் கோத்தேன். உனுக்குக் கை நடுங்குதுன்னு பாப்பாதான் சொல்லுச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா சட்டைக்கையை மடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அப்பாவின் கை லேத்தில் இரும்பு பிடித்த கை. அது ஓங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இருடா" என்றார் தாத்தா. ப்ரூஃபை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்தார். தண்ணி லாரியின் மீது ஆடி ஆடி எழுதிய ஒன்பது வயசுக் கையெழுத்து அது. அதற்குக் கீழேயே தாத்தா வைத்த புள்ளி, ஊசி குத்தியதுபோல அவ்வளவு சுத்தமாக.

"என் எழுத்துதான்" என்றார். "நான்தான் போடச் சொன்னேன். கை நடுங்குதுப்பா இப்பல்லாம்."

அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது பொய் என்று தெரியும். அப்பாவின் கை கீழே இறங்கியது. நான் நிமிர்ந்து தாத்தாவைப் பார்த்தேன். ப்ரூஃபைப் பிடித்திருந்த அவர் கை நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை தத்ரூபமாக நடிக்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தாத்தா அச்சடித்த பத்திரிகை ஒன்றை எடுத்து, கப்பல் பத்தியில் வைப்பதுபோல அந்த வரியில் விரலை வைத்தார்.

"எத்தனை அடிச்சீங்க?"

"ஐநூறு நைனா."

"ஐநூறுலயும் இது இருக்கா?"

"எல்லாத்துலயும் கீது. நீ சொல்லு நைனா, மேல ஒரு தாளு ஒட்டி மறச்சிர்றேன். இல்லாங்காட்டி புதுசா அடிச்சுத் தர்றேன். உம் பொண்ணு கண்ணாலம், எனக்குக் காசு வோணாம்."

"வேணாம்" என்றார் தாத்தா. "ஒட்ட வேணாம். அச்சுல வந்துடுச்சு. அப்படியே இருக்கட்டும்."

தாத்தா பத்திரிகையைக் கட்டின்மேல் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றினார்.

"புழுக்கமா இருக்கு. கண்ணு, வா, கொஞ்சம் தண்ணி அடிச்சுக் குடு" என்று பின்பக்கம் அடிபம்பை நோக்கி நடந்தார்.

"வெந்நி வைக்கிறேன் மாமா" என்றாள் அம்மா.

"வேணாம்மா. பச்சத்தண்ணியே போதும்."

அடியிலிருந்து தப்பிய சந்தோஷத்தில் நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். பம்புக் கைப்பிடியில் தொங்கித் தொங்கி அடித்து மூன்று குடம் நிரப்பினேன். தாத்தா வேட்டியோடு கிழக்கே பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீயே தலையில ஊத்து" என்றார். எனக்கு அது பெரிய விளையாட்டு. துவைக்கிற கல்மீது ஏறி நின்றுகொண்டு, குடத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கி ஊற்றினேன். மார்கழித் தண்ணீர். அவர் உடம்பு உதறியது. அது உதறுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மெதுவா ஊத்து கண்ணு, மெதுவா" என்றார். மூன்று குடத்தையும் ஊற்றினேன்.

தாத்தா எழுந்து போனதும் அப்பா வந்து உட்கார்ந்தார். அவருக்கும் புழுக்கமாம். பிறகு அத்தை, காலையில்தான் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்தவள், மறுபடியும் வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. பத்திரிகை பாழாகிவிட்டது என்று அழுகிறாள் என்று நினைத்து, "அடுத்த தடவை ஒழுங்கா எழுதுறேன் அத்தை" என்றேன். அவள் என்னை இழுத்து நெஞ்சோடு வைத்து, ஈரத்தோடு முத்தம் கொடுத்தாள். கடைசியில் அம்மா தான் ஊற்றிக்கொண்டதோடு நிற்காமல், என்னையும் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு குடத்தைத் தலையில் கவிழ்த்தாள். நான் குளிரில் கத்தினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே புழுக்கம்.

இதற்கிடையே அச்சகக்காரர் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பினார். எப்போதும், "வர்ட்டா பாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அன்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல் போனார். என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் தை மாதம் அமோகமாக நடந்தது. சேக்காட்டுக்காரர்கள் யாரும் தட்டை வைத்துக்கொண்டு யாரையும் தேடவில்லை. என் திருத்தத்தின் மகிமை என்று எனக்குள்ளே பெருமைப்பட்டுக்கொண்டேன். அத்தை போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. தாத்தா பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தார். ஆடி அமாவாசைக்கு அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு கடலூர் போய்வந்தார். எனக்குப் பொரிகடலை வாங்கிவந்தார். பெரியநாயகியின் கதையை அதன் பிறகும் சொன்னார், தெருப்பிள்ளைகளுக்கு முன்னால் ஓடியதையும் சேர்த்துத்தான் சொன்னார். நான் எழுதிய சொல்லைப் பற்றி மட்டும் சாகும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது நான் முகப்பேரில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், அந்த யுத்தத்தில் வங்காள விரிகுடாவில் மூழ்கிய கப்பல்களின் பட்டியலை இணையத்தில் தேடி உட்கார்ந்தேன். பெரிய கப்பல்களுக்குப் பெயர் இருக்கிறது, எடை இருக்கிறது, செத்தவர்கள் எத்தனை பேர் என்று இருக்கிறது. நடுநடுவே, பாய்மரக்கப்பல் ஒன்று, பெயர் தெரியவில்லை என்று சில வரிகள். அவற்றில் எது பெரியநாயகி என்றோ, எதுவும் பெரியநாயகி இல்லை என்றோ சொல்ல வழியில்லை. நானும் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது இறந்துவிட்டார் என்று இந்த உலகத்தில் அச்சில் சொன்ன ஒரே காகிதம், எனக்குத் தெரிந்து, அத்தையின் கல்யாணப் பத்திரிகைதான்.

ஆனால் அப்போதும்கூட எனக்கு முழுதாக விளங்கவில்லை. போன மார்கழியில்தான் விளங்கியது. என் மகளுக்குப் பிறந்தநாள். பள்ளிக்கூடத் தோழிகள் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு, பலூனெல்லாம் ஊதிக் கட்டியாகிவிட்டது. காலை பத்து மணிக்கு விழுப்புரத்திலிருந்து போன். அம்மாவின் பெரியப்பா தவறிவிட்டார், தொண்ணூற்றாறு வயது. என்னோடு இருக்கும் அம்மா போனை வைத்துவிட்டுப் பலூன்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குழந்தையிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசாமலேயே முடிவு செய்தோம். அம்மா போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். அடுத்து நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். மகள் வழியை மறித்தாள்.

"இப்பதானேம்மா குளிச்ச? இந்தக் குளிர்ல ஏன் மறுபடியும் குளிக்கிற?"

"புழுக்கமா இருக்கும்மா" என்றேன்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, என் தாத்தாவுக்காக வாய்விட்டு அழுதேன். ஆறு வயதில் ஆற்றுமுகத்தில் பாய் தெரியுமா என்று பார்த்து நின்ற பிள்ளை, அறுபது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அப்பாவுக்குத் தலைமுழுகியிருக்கிறார். சாவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீட்டு, துக்கம், மகளின் கல்யாணம் நிற்கும். அதனால் சொல்லவில்லை. ஒப்பாரி இல்லை, ஊருக்குச் சொல்லி அனுப்பவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அச்சகக்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது, அதனால்தான் அவர் துக்க வீட்டிலிருந்து போவதுபோல சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறார். தெரியாதவள் நான் ஒருத்திதான். அவரை அடித்த செய்தியைக் கொண்டுவந்தவளும் நான்தான். என்மேல் ஓர் அடி விழாமல், அந்தக் கோணல் எழுத்தைத் தன் எழுத்து என்று அவர் வாங்கிக்கொண்டார். அவருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. சொல்ல வேண்டிய காலத்தில் எனக்குத் தெரியவில்லை, தெரிந்தபோது அவர் இல்லை.

தன் அப்பா போன துக்கத்துக்குத் தலையில் தண்ணீர் ஊற்ற அவர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் மூன்று குடமும் சிரித்துக்கொண்டே ஊற்றினேன். மெதுவாக ஊற்று என்று சொன்னாரே தவிர, சிரிக்காதே என்று அவர் சொல்லவில்லை.